எடை கூடிய உடம்பில் வைட்டமின் டி: உடற்பயிற்சி எனக்குத் தந்ததும் தராததும்

வைட்டமின் டி குறைவு என்று பரிசோதனை முடிவு வந்தவுடன், பருமனான உடல்வாகு கொண்ட ஒருவருக்கு நம் ஊரில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பாக்கெட் பொடியைப் பாலில் கலந்து குடியுங்கள், காலை வெயிலில் நடங்கள், எடையைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நான் அப்படியே செய்தேன். செய்தும், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வலியிலும், பாதத்தில் ஓர் எலும்பு முறிவிலும், லட்ச ரூபாயை நெருங்கிய செலவிலும் போய்விட்டன. பொடி எதற்கு, வெயில் எந்த நேரத்தில், உடற்பயிற்சி செய்தால் வைட்டமின் டி அளவு என்ன ஆகும், எடை கூடியவர்களுக்கு மட்டும் இவையெல்லாம் ஏன் வேறு மாதிரி நடக்கின்றன என்பதை யாராவது ஒருவர் உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். எனக்குக் கிடைக்காத அந்த விளக்கத்தை, என்னைப் போல இன்னொருவர் தேடும்போது கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. மருந்தின் அளவு எதையும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உயரம் 155 சென்டிமீட்டர். பிரச்சினை தொடங்கியபோது எடை 86 கிலோ. அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 36-ஐ ஒட்டி இருந்தது. இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறார்கள் என்பதால், நான் எந்த அளவுகோலில் பார்த்தாலும் எடை கூடியவள்தான். முதலில் தொடைகள் கனத்தன. பிறகு இடுப்பைச் சுற்றி, இன்ன இடம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத ஒரு மந்தமான வலி வந்தது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேருந்தின் முதல் படியில் காலைத் தூக்கி வைப்பதற்கு முன் கம்பியை இறுகப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் சுருக்கென்று வலித்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: "இவ்வளவு வெயிட் இருந்தா வலிக்கத்தானே செய்யும்." அந்தப் பதில் எனக்குத் தந்த அவமானத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. அதைவிட மோசமான விளைவு என்னவென்றால், அந்தப் பதிலோடு எல்லோரும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். முழங்காலுக்கு எக்ஸ்ரே, முதுகுக்கு எம்.ஆர்.ஐ., வலி மாத்திரைகள், சூடு வைக்கும் பிசியோதெரபி என்று முப்பதாயிரத்துக்கும் மேல் செலவான பிறகுதான், வேறொரு காரணத்துக்காகப் பார்த்த பொது மருத்துவர் ஒருவர் வைட்டமின் டி பார்க்கச் சொன்னார். முடிவு, ஒரு மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்று நெடுங்காலமாகக் கொள்ளப்பட்டுவரும் நிலையில், 8 என்பது கடுமையான குறைபாடு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எடை கூடியவர் என்பதற்காக மட்டும் எல்லோரும் ஓடிப்போய் இந்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எந்தத் தொந்தரவும் இல்லாத பருமனானவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. ஆனால் எழுந்திருப்பதும் படி ஏறுவதும் சிரமமாக இருந்து, தொடையிலும் தோள்பட்டையிலும் வலு குறைந்து, எலும்பை அழுத்தினால் வலித்தால், அது தொந்தரவே இல்லாத நிலை அல்ல. "எடையால்தான்" என்ற பதிலை அந்த நிலையில் ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள். வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், எலும்பு பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் உயரும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

எனக்கு 60,000 யூனிட் பொடி, வாரத்துக்கு ஒன்று, 8 வாரத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. முடித்துவிட்டுப் பார்த்தபோது 22 ஆகியிருந்தது. "நார்மலுக்கு வந்துடுச்சு, போதும்" என்றார்கள். தொடர்ந்து எதுவும் சாப்பிட வேண்டுமா என்று கேட்டதற்கு, காலையில் நடந்தால் போதும் என்ற பதில் வந்தது. சில மாதங்களில் மறுபடியும் தொடை கனத்தது. மறுபடியும் பரிசோதனை, 12. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண் ஒல்லியானவர். அவரும் அதே பொடியை அதே 8 வாரம் சாப்பிட்டு 40-ஐத் தாண்டியிருந்தார். எனக்கு மட்டும் ஏன் ஏறவில்லை என்று கேட்டபோது, ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்ற சந்தேகப் பார்வைதான் கிடைத்தது.

உண்மைக் காரணம் வேறு. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து. உடம்பில் கொழுப்பும் தசையும் ரத்தமும் எவ்வளவு அதிகமோ, உள்ளே போகும் வைட்டமின் அத்தனைக்கும் பரவி நிற்க வேண்டும். ஒரு கரண்டிச் சர்க்கரையை டம்ளரில் போட்டால் இனிக்கும். அதையே அண்டாவில் போட்டால் நாக்குக்குத் தெரியாது. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: உடலின் மொத்தப் பரிமாணம் கூடுவதால் ஏற்படும் இந்த நீர்த்துப்போதலே பருமனானவர்களின் குறைந்த அளவுக்குப் போதுமான விளக்கம் என்று. அதற்கும் முன்பு, 2000-ஆம் ஆண்டில் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே அளவு புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோது பருமனானவர்களின் ரத்தத்தில் ஏறிய வைட்டமின் டி, மற்றவர்களுக்கு ஏறியதைவிட 57 சதவீதம் குறைவாக இருந்தது. தோலில் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. உண்டான வைட்டமின் ரத்தத்துக்கு வந்து சேர்வதில்தான் வித்தியாசம். இந்தக் காரணத்தால்தான், குறைபாட்டுக்குச் சிகிச்சை தரும்போது பருமனானவர்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அளவு தேவைப்படும் என்று 2011-ஆம் ஆண்டின் எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதலிலேயே எழுதியிருந்தார்கள். எனக்கும் என் சக ஊழியருக்கும் ஒரே சீட்டு எழுதப்பட்டதன் அர்த்தம் இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்காக யாரும் தாமாகவே அளவை இரட்டிப்பாக்கிவிடக் கூடாது. "என் எடைக்கு இந்த அளவு சரியா, முடிந்த பிறகு தொடர் அளவு உண்டா?" என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பேச்சையும் தீர்த்துவிடலாம். வைட்டமின் டி ஏறினால் எடை தானாக இறங்கும் என்று சொல்லி எனக்கு ஒரு விலை உயர்ந்த சத்துமாவை விற்றார்கள். 2013-இல் விமலேஸ்வரன் என்பவர் முதல் ஆசிரியராக இருந்து வெளிவந்த ஒரு பெரிய மரபியல் ஆய்வு, இதில் எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்துக் காட்டியது. பி.எம்.ஐ. 10 சதவீதம் கூடினால் வைட்டமின் டி சுமார் 4 சதவீதம் குறைகிறது. ஆனால் வைட்டமின் டி குறைவதால் எடை கூடுகிறது என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. எடைதான் வைட்டமினை இறக்குகிறதே தவிர, வைட்டமின் எடையை இறக்குவதில்லை. அந்த மாவுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அடுத்தது வெயில். நடக்கச் சொன்னார்களே என்று விடியற்காலையில் எழுந்து, தெருவிளக்கு அணைவதற்குள் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் நடைப்பயிற்சியை மாதக்கணக்கில் செய்தேன். காலை இளவெயிலில்தான் வைட்டமின் டி இருக்கிறது என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து சொல்லப்படுவது. மருத்துவமனைச் சுவரொட்டிகளில்கூடப் பார்த்திருக்கிறேன். தோலில் வைட்டமின் டி உண்டாக வேண்டுமானால் புற ஊதா பி என்ற கதிர் வேண்டும். சூரியன் சாய்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் அந்தக் கதிரில் பெரும்பகுதி வளிமண்டலத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் செய்யப்பட்ட ஆய்வில், காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரையிலான வெயிலில்தான் வைட்டமின் உருவாக்கம் உச்சத்தில் இருந்தது. திருச்சி அதற்கும் தெற்கே இருக்கிறது. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் நாம் ஜன்னல் சாத்திய அறைக்குள் இருக்கிறோம், ஜன்னல் கண்ணாடியோ இந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே பயனுள்ள நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். கத்திரி வெயிலில் இதற்காக நின்று மயங்கி விழுந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். விடியற்கால நடை வீண் என்று நான் சொல்லவில்லை; அது நடைக்கான பலனைத் தரும், வெயிலுக்கான பலனைத் தராது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியே எனக்கு ஆலோசனை சொல்லப்பட்டது.

நடந்து பலனில்லை என்றானதும் ஜிம்மில் சேர்ந்தேன். ஆண்டுக் கட்டணமும் தனிப் பயிற்சியாளருக்கான தொகையும் சேர்த்து முப்பதாயிரத்தைத் தொட்டது. முதல் நாளே வைட்டமின் டி குறைவு என்ற காகிதத்தைக் காட்டினேன். "வேர்வை வந்தாலே எல்லாம் செட்டாயிடும் மேடம்" என்றார் பயிற்சியாளர். குதித்துக் குதித்துக் கைகால் விரிக்கும் பயிற்சி, உயரமான பெட்டியில் ஏறி இறங்குவது, டிரெட்மில்லில் ஓட்டம் என்று முதல் வாரத்திலிருந்தே வேகம் கூடியது. இடது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்கு நேர் மேலே, ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் வலிக்கத் தொடங்கியது. காலையில் குறைவாக இருக்கும், நடக்க நடக்கக் கூடும். வலியைத் தாங்கினால்தான் பலன் என்று சொல்லப்பட்டதால் தாங்கிக்கொண்டேன். எக்ஸ்ரே எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சில வாரங்கள் நொண்டிக்கொண்டே போன பிறகு எடுத்த இரண்டாவது எக்ஸ்ரேயில், பாத எலும்பில் விரிசல் விழுந்து அதைச் சுற்றிப் புது எலும்பு வளரத் தொடங்கியிருப்பது தெரிந்தது. திரும்பத் திரும்பப் படும் அழுத்தத்தால் உண்டாகும் இந்த வகை முறிவு, தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கெட்டியான காலணி ஒன்றை மாட்டிவிட்டு இரண்டு மாதம் ஓய்வு என்றார்கள். விடுப்பு தீர்ந்து சம்பளம் பிடித்தார்கள். ஜிம்மில் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்த அந்த நாட்களில், என் உடம்பு எதற்குமே லாயக்கில்லை என்ற எண்ணம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

இதிலிருந்து சொல்ல வேண்டியது மிக முக்கியமானது. வைட்டமின் டி நீண்ட நாள் குறைவாக இருக்கும்போது எலும்பில் கால்சியம் சரியாகப் படிவதில்லை, எலும்பு மென்மையாகிறது. அந்த எலும்பின் மேல் எண்பது கிலோவுக்கு மேல் எடை இருக்கிறது. அதில் திடீரென்று குதியும் ஓட்டமும் சேர்ந்தால் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைப்பதில்லை. எனவே குறைபாடு கடுமையாக இருப்பவர்கள் முதலில் சிகிச்சையைத் தொடங்கி, எலும்பு வலி அடங்கிய பிறகு, குதிக்காத பயிற்சிகளில் ஆரம்பிப்பதே நல்லது. ஒரே புள்ளியில் வலித்து, பயிற்சி செய்யச் செய்யக் கூடினால் அது தசைப்பிடிப்பு அல்ல என்று எடுத்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள். ஜிம்முக்கு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதக் கட்டணமாகக் கட்டுங்கள். இடையில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

முறிவுக்குப் பிறகுதான் ஹார்மோன் துறை சிறப்பு மருத்துவர் ஒருவரைப் பார்க்க நேர்ந்தது. அவர் முதலில் என் எடையைப் பற்றிப் பேசாமல், பாராதைராய்டு ஹார்மோனையும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸையும் பார்த்தார். இரண்டும் உயர்ந்திருந்தன. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள, உடம்பு எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள் என்று விளக்கினார். பொடியை முடித்த பிறகு எடைக்கேற்ற தினசரி மாத்திரை, அதை வெறும் வயிற்றில் அல்லாமல் கொழுப்புச் சத்துள்ள மதியச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது, கால்சியத்துக்குத் தயிரும் கேழ்வரகும் சிறுமீனும் என்று ஒழுங்கு செய்தார். உடற்பயிற்சி செய்தால் வைட்டமின் டி ஏறுமா என்று அவரிடம்தான் முதன்முதலாக நேராகக் கேட்டேன். "ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், இருப்பதைக் காப்பாற்றும் என்று எதிர்பாருங்கள்" என்றார்.

அந்தப் பதிலின் பின்னணியை அவர் சொன்னதிலிருந்தும் பிறகு நான் படித்ததிலிருந்தும் எழுதுகிறேன். தோலிலோ உணவிலோ கிடைக்கும் வைட்டமின் டி, கல்லீரலுக்குப் போய் ஒரு வடிவமாக மாறுகிறது. ஆய்வகத்தில் நாம் அளப்பது அதைத்தான். பிறகு சிறுநீரகத்தில் மாறும் இரண்டாவது வடிவமே உண்மையில் வேலை செய்யும் வடிவம். இங்கிலாந்தின் பாத், பர்மிங்காம் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், உடல் உழைப்பில்லாத, எடை கூடிய பெரியவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் 10 வாரம் வெயில் படாமல் கட்டடத்துக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். வாரத்துக்கு நான்கு முறை: இரண்டு நாள் டிரெட்மில் நடை, ஒரு நாள் நீண்ட, சீரான சைக்கிள் ஓட்டம், ஒரு நாள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சைக்கிள் பயிற்சி. வெயிலின் பங்கு கலந்துவிடாதபடி அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் நடத்தினார்கள். அந்த நாட்டில் குளிர்கால வெயிலில் வைட்டமின் டி உருவாவதில்லை. யாரும் வைட்டமின் மாத்திரை சாப்பிடவில்லை. மிக முக்கியமாக, எடை குறையாமலும் பார்த்துக்கொண்டார்கள். 2025-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்யாதவர்களுக்கு ரத்தத்தில் அளக்கும் வடிவம் சுமார் 25 சதவீதம் சரிந்தது. செய்தவர்களுக்குச் சரிவு சுமார் 15 சதவீதத்தோடு நின்றது. வேலை செய்யும் வடிவமோ பயிற்சி செய்யாதவர்களுக்கு 15 சதவீதம் குறைய, செய்தவர்களுக்குக் குறையவே இல்லை.

இதைப் படித்தபோது எனக்குள் ஏற்பட்ட ஆறுதலை விவரிப்பது கடினம். எடை ஒரு கிலோகூடக் குறையாத நிலையிலும் அந்த உழைப்புக்கு உடம்பின் உள்ளே பலன் இருந்திருக்கிறது. எடை இயந்திரத்தின் முள் நகரவில்லை என்பதற்காகப் பயிற்சியைக் கைவிடும் எத்தனையோ பேர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம் இந்த ஆய்வு சொல்லாததையும் கவனிக்க வேண்டும்: பயிற்சி செய்தவர்களுக்கும் அளவு இறங்கத்தான் செய்தது, கடுமையான குறைபாட்டில் இருப்பவர் பயிற்சியை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்த இதில் இடமே இல்லை. இங்கிலாந்தின் குளிர்காலம் நமக்கு இல்லை என்றாலும், காலையில் இருட்டோடு கிளம்பி மாலையில் இருட்டியபின் வீடு திரும்பும் அலுவலக வாழ்க்கையில் நம் தோலும் அந்தக் கதிரைப் பார்ப்பதில்லை என்பதால் இந்த முடிவு எனக்குப் பொருத்தமாகப் பட்டது. பயிற்சி எப்படி இதைச் செய்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று, கொழுப்புத் திசு கரையும்போது அங்கே தங்கியிருக்கும் வைட்டமின் டி-யும் ரத்தத்துக்கு வருகிறது என்பது. மற்றொன்று, தசைகளே வைட்டமினைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துத் திருப்பித் தருகின்றன என்பது.

எடை குறைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் மாதவிடாய் நின்ற, எடை கூடிய பெண்களிடம் ஓராண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 5 சதவீதத்துக்கும் குறைவாகக் குறைத்தவர்களுக்கு வைட்டமின் டி சுமார் 2 நானோகிராம்தான் ஏறியது. 15 சதவீதமும் அதற்கு மேலும் குறைத்தவர்களுக்கு 7.7 ஏறியது. என் கணக்கில் 15 சதவீதம் என்றால் 13 கிலோ. அவ்வளவு குறையும்வரை காத்திருந்தால் எலும்பு காத்திருக்காது. ஆகவே எடை குறைப்பு தன் போக்கில் நடக்கட்டும், வைட்டமின் சிகிச்சை அதற்காகத் தள்ளிப்போக வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தேன்.

கால் தேறியதும் நான் தொடங்கிய பயிற்சி மிக எளிமையானது. கைப்பிடி உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் உட்கார்ந்து எழுவதுதான் முதல் பயிற்சி. தொடக்கத்தில் இரண்டு கைகளாலும் கைப்பிடியை ஊன்றித்தான் எழ முடிந்தது. பிறகு ஒரு கை போதுமானது. அதன் பிறகு கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்யச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். தொடை உண்மையில் வலுப்பெற்றது அந்த மெதுவான இறக்கத்தில்தான் என்பது என் அனுபவம். சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவற்றை அடுத்துச் சேர்த்தேன். ஏழாயிரம் ரூபாய்க்குப் பழைய நிலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு முன் மிதிக்கிறேன். வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது என்ற அளவில் வேகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளில் உடம்பின் எடை இருக்கையில் இறங்குவதால் பாதத்துக்கு அதிர்ச்சி இல்லை. மதிய உணவு இடைவேளையில் வாரத்தில் சில நாள், கையை முழங்கைவரை வெயில் படும்படி விட்டு, அலுவலக வளாகத்தைச் சுற்றி நடக்கிறேன்.

ஓராண்டு இப்படிப் போன பிறகு என் வைட்டமின் டி அளவு 31. எடை 83. கட்டம் கட்டிக் கொண்டாட இவை பெரிய எண்கள் அல்ல. ஆனால் பொடியை நிறுத்திய ஒவ்வொரு முறையும் சரிந்த அளவு, இந்த முறை மழைக்காலம் முழுவதும் சரியாமல் நின்றது. பாராதைராய்டு ஹார்மோன் இயல்புக்கு இறங்கியது. தரையில் உட்கார்ந்து சுவரைப் பிடிக்காமல் எழுகிறேன். இதில் தினசரி மாத்திரையின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று என் ஒருத்தியின் உடம்பை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. தொடையின் வலுவுக்கு மட்டும் அந்த நாற்காலிக்கு முழுப் பெருமை உண்டு என்று நம்புகிறேன்.

ஊசி பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். பொடிக்கு ஏறவில்லை என்றவுடன், 6 லட்சம் யூனிட் ஊசியை ஒரே தடவையில் போட்டுக்கொள்ளும்படி எனக்கு ஓரிடத்தில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கீழே விழுவதும் எலும்பு முறிவதும் குறைவதற்குப் பதிலாகக் கூடின என்று 2010-இல் முடிவு வெளியானது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மறுத்துவிட்டேன். அதைப்போலவே, வாரத்துக்கு ஒன்று என்ற பொடியைத் தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு, கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிக் கொடுத்தால் நாட்காட்டியில் தேதியை வட்டமிட்டு வையுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள், வலிப்புக்கு அல்லது ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குக் கணக்கே வேறு. அவர்கள் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

பரிசோதனையைப் பொறுத்தவரை, ரத்தத்தில் அளக்கும் அந்த வடிவம் பாதியாகக் குறைய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், மருந்தோ பயிற்சியோ மாற்றிய பிறகு மூன்று மாதமாவது கழித்துப் பார்த்தால்தான் நிலையான எண் கிடைக்கும். நான் மாதாமாதம் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு மேல் கொடுத்தது தேவையற்ற செலவு என்று மருத்துவரே சொன்னார். ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். ஆய்வகங்கள் கையாளும் பரிசோதனை முறைக்கு ஏற்ப எண் மாறும். நாட்டுக்கு நாடு அலகும் மாறும்: வெளிநாட்டு உறவினர் 75 என்று சொன்னால் அது நானோமோல் கணக்கு, 2.5-ஆல் வகுத்தால் நம் கணக்கில் 30. முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது வைட்டமின் டி-யை இல்லாத அளவுக்கு உயர்த்திக் காட்டிவிடும். வெறும் வயிற்றில் போக வேண்டிய அவசியம் இல்லை. கடைசியாகப் பொடி சாப்பிட்ட தேதி, தினசரி மாத்திரையின் அளவு, அன்றைய எடை ஆகிய மூன்றையும் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கம் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனால், அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.